கொய்னாவும் மஞ்சள் மாத்திரையும்

மலாயாத் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் காய்ச்சலை மறப்பதில்லை. ஆனால், அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து உடம்பையும் மனசையும் என்ன செய்தது என்று அதிகம் கேட்டதில்லை.

முதலில் கொய்னா. காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கும்போதே அதை ஊற்றிக் கொடுத்து, கண்ணெதிரே விழுங்க வைத்த தோட்டங்கள் உண்டு. கசப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அளவு கூடினால் காதில் ஓயாத இரைச்சல் கேட்கும். செவி மந்தமாகும், தலை சுற்றும், பார்வை மங்கும். மருத்துவத்தில் இதற்குச் சின்கோனிசம் என்று பெயர். கொய்னா குடித்தால் காது அடைக்குது என்று ஒரு பால்வெட்டுக்காரர் சொல்லியிருந்தால், அது வேலைக்குப் போகாமலிருக்கச் சொன்ன சாக்கு அல்ல. மருந்து நரம்பைத் தொட்டதன் அடையாளம்.

1932-இல் ஜெர்மனியிலிருந்து அட்டெப்ரின் வந்தது. மஞ்சள் நிற மாத்திரை. நாளைக்கு மூன்று, ஐந்து நாள் சாப்பிட்டால் போதும். கொய்னாவைப் போல வாரக்கணக்கில் குடிக்க வேண்டியதில்லை என்பதால் பெரிய வரவேற்பு. உடம்பை விட்டு அது மெதுவாகத்தான் வெளியேறும்; தோலும் மஞ்சளாகும். ஈராண்டு கழித்து, 1934-இல், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஏ.என். கிங்ஸ்பரி, 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அட்டெப்ரின் சாப்பிட்ட மலேரியா நோயாளிகளில் சிலருக்குப் புத்தி பேதலித்ததைப் பற்றிய கட்டுரை அது. இந்த விஷயத்தில் உலகம் கவனித்த ஆரம்பகால எச்சரிக்கைகளில் ஒன்று நம் ஊரிலிருந்து போனது.

மருந்தின் மேல் பழி போடுவது அவ்வளவு சுலபம் இல்லை. மலேரியாவே மூளையைத் தாக்கும். கடுங்காய்ச்சலில் மனிதர்கள் பிதற்றுவார்கள், எழுந்து ஓடுவார்கள். நோயும் மருந்தும் ஒரே இடத்தில் கை வைக்கும்போது எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? காய்ச்சல் எப்போது விட்டது, குழப்பம் எப்போது தொடங்கியது, எத்தனை மாத்திரை உள்ளே போயிருந்தது என்று கேட்டாக வேண்டும். நோயாளியின் வாய்ச்சொல் அங்கே வெறும் புலம்பல் அல்ல, சாட்சி.

அந்தச் சாட்சிதான் நமக்குக் கிடைக்கவில்லை. தோட்ட ஆஸ்பத்திரிக் கட்டில்களில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கேஸ் தாளை எழுதிய வெள்ளைக்கார டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் டிரெஸ்ஸர் நின்றார், கிராணி நின்றார், மொழி நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்குத் திரும்பியவர் இரவில் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னால், வீட்டில் மாத்திரையையா நினைத்திருப்பார்கள்? பூசாரியைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அட்டெப்ரினைக் கொடுமை என்று தள்ளிவிடவும் முடியாது. சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனநிலை பிசகவில்லை. பிசகியவர்களிலும் பலர் சில வாரங்களில் தேறினார்கள். மலேரியாவோ ஆளையே கொன்றது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் உலகின் கொய்னா வரத்தில் பெரும்பங்கு நின்றுபோக, நேச நாட்டுப் படைகள் இந்த மஞ்சள் மாத்திரையை நம்பித்தான் பசிபிக்கிலும் பர்மாவிலும் போரிட்டன. அப்போது சிப்பாய்களிடமும் அதே மனக்குழப்பம் தென்பட்டது. ராணுவ டாக்டர்கள் எண்ணிக் கணக்கெடுத்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அமெரிக்க ராணுவ ஆய்வில் பிறந்த மெஃப்ளோகுவின், லேரியம் என்ற பெயரில் பரவியது. கெட்ட கனவு, பதற்றம், சந்தேகம், இல்லாததைக் காண்பது என்று படைவீரர்களும் பயணிகளும் பல வருஷம் முறையிட்டார்கள். 2013-இல்தான் அமெரிக்க அரசு மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் பெட்டியில் ஏற்றியது: தலைசுற்றலும் காது இரைச்சலும் நிரந்தரமாகவே தங்கிவிடலாம். 2016-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, வேறு வழியே இல்லாதபோது மட்டும் படைவீரர்களுக்கு அதைக் கொடுக்கலாம் என்றது.

அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது, சாட்சி சொல்ல ஒரு மன்றம் இருந்தது. அப்படியும் இத்தனை காலம் பிடித்தது. பெரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நம் தாத்தா பாட்டி காலத்துக் கதைகளில் காய்ச்சலுக்குப் பிறகு 'ஒரு மாதிரி ஆகிப்போன' ஆட்கள் வந்தால், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள்: அப்போ என்ன மருந்து கொடுத்தாங்க?