நெப்போலியக் காலப் போர் விளையாட்டு

நெப்போலியக் காலப் போர் விளையாட்டு என்பது, 1790-கள் முதல் 1815-இல் வாட்டர்லூ வரை நடந்த போர்களை, விரலளவே உள்ள ஈயச் சிற்றுருவங்களையோ பிளாஸ்டிக் சிற்றுருவங்களையோ கொண்டு, எழுதப்பட்ட விதிகளின்படி மேசைமேல் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்காகும். ஒரே அமர்வில் முடிந்துவிடும் ஒற்றைச் சண்டை, பல வாரங்களோ மாதங்களோ நீளும் படையெடுப்பு ஆட்டம் என இதற்கு இரு வடிவங்கள் உண்டு. படையெடுப்பு ஆட்டத்தில் படைகள் முதலில் நிலப்படத்தின்மேல் நகர்கின்றன. எதிரிகள் சந்திக்கும் இடம் மட்டும் மேசைக்கு மாற்றப்பட்டுச் சண்டையாக ஆடப்படுகிறது. அச்சண்டையில் விழுந்தவர்கள், தீர்ந்த வெடிமருந்து, களைத்த குதிரைகள் அனைத்தும் கணக்கில் ஏற்றப்பட்டு அடுத்த நாள் நகர்வைக் கட்டுப்படுத்துகின்றன. போர் என்பது சண்டை மட்டுமன்று, சோறும் தீவனமும் சாலையும் மழையும் சேர்ந்த கணக்கு என்பதை ஒற்றைச் சண்டை மறைத்துவிடுகிறது. படையெடுப்பு ஆட்டமோ அதை ஆடுபவர் முன் முதலிலேயே வைத்துவிடுகிறது. அக்காலத்தில் மைசூரிலும் கொங்கு நாட்டிலும் நடந்த போர்கள் இதற்குத் தக்க சான்றுகள்.

ஆடும் முறை

சிற்றுருவங்கள் பெரும்பாலும் 28, 15, 6 மில்லிமீட்டர் உயர அளவுகளில் வார்க்கப்படுகின்றன. ஓர் உருவம் ஒரு வீரனைக் குறிப்பதில்லை. பிரிட்டனின் புரூஸ் குவாரி 1970-களில் பரப்பிய விதிகளில் ஓர் உருவத்துக்கு 33 வீரர் என்பது கணக்கு, ஆகவே 600 பேர் கொண்ட ஒரு காலாட்படைப் பட்டாலியன் மேசையில் 18 உருவங்களாகச் சுருங்கும். நகர்வு அளவுநாடாவால் அளக்கப்படுகிறது. துப்பாக்கிச் சூட்டின் விளைவையும் வீரரின் மனவுறுதியையும் பகடை தீர்மானிக்கிறது. அக்காலத் தீக்கல் துப்பாக்கி நூறு மீட்டருக்கு அப்பால் குறி தவறும் கருவியாதலால், வீரர்கள் தோளோடு தோள் நின்று ஒருசேரச் சுட்டனர். அகலமாக நிற்கும் வரிசை சுடுவதற்கும், ஆழமாக நிற்கும் அணி விரைந்து முன்னேறுவதற்கும், நான்கு பக்கமும் துப்பாக்கி முனைக்கத்தியை நீட்டி நிற்கும் சதுரம் குதிரைப்படையைத் தடுப்பதற்கும் உரியவை. ஆனால் சதுரமாக நிற்பவர்கள் பீரங்கிக்கு எளிதான இலக்கு. எந்த நேரத்தில் எந்த அமைப்புக்கு மாறுவது என்பதே மேசைச் சண்டையின் சாரம்.

படையெடுப்பு ஆட்டத்தின் சிக்கல் வேறு வகையானது. நிலப்படம் இருவர் கண்முன்னும் விரிந்து கிடந்தால் எதிரியின் இருப்பிடம் தெரிந்துவிடும். உண்மைத் தளபதிக்கோ அது தெரியாது. எனவே இரு தரப்பும் தத்தம் ஆணைகளை எழுதி நடுவர் ஒருவரிடம் கொடுக்க, அவர் மட்டுமே முழு நிலையையும் அறிந்து, வேவுக்குதிரைகள் காணக்கூடியதை மட்டும் ஒவ்வொருவருக்கும் சொல்வது வழக்கம். நடுவர் கிடைக்காதவர்களுக்காக ஆங்கிலேயரான டொனால்ட் பெதர்ஸ்டோன் ஒரு மாற்று முறையை விளக்கினார்: நிலப்படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தீப்பெட்டி என ஒட்டி அடுக்கிய சிறு அலமாரியில், தன் படை நிற்கும் கட்டத்துக்குரிய பெட்டிக்குள் அதன் அடையாளச் சீட்டை ஒவ்வொருவரும் போட்டுவைக்க, ஒரே பெட்டியில் இருவர் சீட்டும் அகப்படும்போதுதான் சண்டை மூளும். தீப்பெட்டி செய்யும் சிவகாசியும் கோவில்பட்டியும் உள்ள நாட்டில் இதைவிட மலிவான கருவி வேண்டியதில்லை.

தோற்றம்

போரைப் பலகையில் நடத்தும் எண்ணத்துக்கு இந்தியச் சதுரங்கமே மூத்த வடிவம். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையும் அதில் காய்களாயின. சதுரங்கத்தில் இரு தரப்பும் சமவலிமையுடன் தொடங்குகின்றன; தமிழ்நாட்டுக் கோயில் தரைக்கற்களில் கட்டம் கீறி ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டத்திலோ 3 புலிகளும் 15 ஆடுகளுமாக வலிமையும் இலக்கும் வேறுபட்ட இரு தரப்புகள் மோதுகின்றன. சமமற்ற படைகளின் போரை ஆட்டமாக்குவது என்னும் நோக்கில் பார்த்தால், பிற்காலப் போர் விளையாட்டுக்குச் சதுரங்கத்தைவிட ஆடுபுலியே நெருங்கியது எனலாம். வரலாற்றுத் தொடர்பு இருப்பதோ சதுரங்கத்துக்குத்தான்.

செர்மானிய நாடான பிரவுன்சுவிக்கில் யோகான் ஹெல்விக் என்பவர் 1780-இல் சதுரங்கத்தை விரித்து, 1,617 கட்டங்களில் ஆறு, காடு, ஊர் ஆகியவற்றை நிறங்களால் காட்டிய ஆட்டமொன்றை அமைத்தார். பிரஷ்ய அலுவலர் கியோர்க் லியோபோல்ட் வான் ரைஸ்விட்ஸ் கட்டங்களையே கைவிட்டார். முதலில் மணலிலும், பின்னர் அரசருக்குக் காட்டத் தகுந்ததாக வேண்டும் என்பதற்காகச் சாந்தில் வார்த்து வண்ணம் பூசிய துண்டுகளிலும் நிலத்தை உருவாக்கி, 1812-இல் அதை மூன்றாம் பிரெடரிக் வில்லியத்திடம் அளித்தார். நெப்போலியன் உருசியாவுக்குள் நுழைந்த ஆண்டும் அதுவே.

ரைஸ்விட்ஸின் மகன் அதனை அரண்மனைப் பொழுதுபோக்கு நிலையிலிருந்து படைத்துறைக் கருவியாக்கினார். 1824-இல் அவர் வெளியிட்ட விதிகள் 1 : 8,000 அளவுள்ள நிலப்படத்தையும், சிவப்பு நீலக் கட்டைகளையும், பகடையையும், மறைவான நகர்வையும், நடுவரையும் கொண்டிருந்தன. இன்றைய படையெடுப்பு ஆட்டத்தின் எலும்புக்கூடு முழுவதும் இவ்விதிகளில் உள்ளது. ஆட்டத்தைப் பார்வையிட்ட பிரஷ்யத் தலைமைப் பணியகத் தலைவர் கார்ல் வான் முஃப்லிங், ஐயத்தோடு வந்து ஆர்வத்தோடு எழுந்தார் என்பது மரபு. அதைப் படையெங்கும் பயிலுமாறு பரிந்துரைத்தார். இந்த முஃப்லிங்தான் வாட்டர்லூவில் வெலிங்டன் கோமகனின் பக்கத்தில் நின்ற பிரஷ்யத் தொடர்பு அலுவலர். அந்த வெலிங்டனோ, ஆர்தர் வெல்லஸ்லி என்னும் பெயரில், மைசூர் மன்னர் திப்பு சுல்தானை எதிர்த்துப் போரிட்டுத் தளபதிக்கலையைத் தென்னிந்தியாவில் பயின்றவர். 1866, 1870 போர்களில் பிரஷ்யா பெற்ற வெற்றிகளுக்குப் பிறகு பிற நாடுகளும் இந்த ஆட்டத்தை நாடின. பிரிட்டன் படைக்கு 1872-இல் விதிகளை ஆக்கித் தந்த ஈவ்லின் பேரிங், அவ்வாண்டே இந்தியத் தலைமை ஆளுநரின் தனிச்செயலராகக் கல்கத்தா வந்தார்.

பொம்மை வீரர்கள்

படைத்துறையின் ஆட்டம் கட்டைகளால் ஆனது. சிற்றுருவங்கள் வந்தது விளையாட்டுப் பொருள் வணிகத்திலிருந்து. நியூரம்பர்க் நகரத்து வார்ப்பாளர்கள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தட்டையான ஈயவெள்ளீய வீரர்களை விற்றனர்; 1893-இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு முறையால் 54 மில்லிமீட்டர் வீரர்களை மலிவாக்கியது. இடையில் வில்லியம் சைபோர்ன் என்னும் அலுவலர், 70,000-க்கும் மேற்பட்ட நுண்ணிய உருவங்களுடன் வாட்டர்லூக் களத்தின் மாதிரியை அமைத்து 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். பிரஷ்யப் படைகள் எந்நேரத்தில் எங்கு நின்றன என்பதை அவர் காட்டிய விதம் வெலிங்டன் தரப்புக்கு உவக்கவில்லை. மேசைமேல் வைக்கும் பொம்மையும் வரலாற்றுக் கருத்தே என்பதை இந்தச் சச்சரவு தெளிவாக்கியது. இன்றும் விதி எழுதுபவர்களிடையே ஓயாத சண்டை இதுதான்.

எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880-களின் தொடக்கத்தில் தாவோஸில் நோய்க்கு ஓய்விலிருந்தபோது, வளர்ப்பு மகன் லாயிட் ஆஸ்போர்னுடன் தரையில் நிலப்படம் வரைந்து, சாலை, பாலம், வெடிமருந்துக் கணக்கு, பொய்ச்செய்தி ஆகியவற்றோடு வாரக்கணக்கில் ஆடினார். பொழுதுபோக்காக நடந்த படையெடுப்பு ஆட்டங்களில் நன்கு பதிவான மிகப் பழையவற்றுள் ஒன்று இது. 1913-இல் எச். ஜி. வெல்ஸ் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' நூல், வில்விசைப் பீரங்கியால் பொம்மைகளைச் சுட்டு வீழ்த்தும் எளிய விதிகளைப் பரப்பியது. வெல்ஸின் ஆட்டம் புகழ்பெற்றது. ஸ்டீவன்சனின் ஆட்டம் ஆழமானது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இப்பொழுதுபோக்கு அமைப்பாக வளர்ந்தது. கலிபோர்னியாவில் ஜாக் ஸ்குரூபி 1957-இல் இதற்கென இதழ் தொடங்கினார். பெதர்ஸ்டோன் 1962-இல் 'வார் கேம்ஸ்' நூலையும் 1970-இல் படையெடுப்பு ஆட்டத்துக்கென்றே தனி நூலையும் எழுதினார். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மலிவான பிளாஸ்டிக் வீரர்களால் பள்ளி மாணவர்களும் பட்டாலியன் சேர்க்க முடிந்தது. நெப்போலியக் காலம் இந்த வளர்ச்சியின் நடுவே நின்றதற்குச் சீருடைகளின் நிறமே பாதிக் காரணம்.

தென்னிந்தியக் களம்

நெப்போலியக் காலம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. 1798-இல் எகிப்தில் இறங்கிய நெப்போலியன், 1799 சனவரியில் கெய்ரோவிலிருந்து திப்புவுக்கு எழுதிய கடிதம் வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். மைசூர்ப் படையின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளைக் கண்டு தூண்டப்பட்ட வில்லியம் காங்கிரீவ் வடித்த ராக்கெட்டுகள் 1807-இல் கோபன்ஹேகனையும் 1813-இல் லைப்சிக்கையும் தாக்கின. ஐரோப்பியக் களங்களுக்கான விதிநூல்களில் ராக்கெட் எங்கே பாயும் என்று பகடை உருட்டிப் பார்க்கும் விதி இடம்பெறுவதற்கு மூலகாரணம் இவ்வாறு மைசூரில் இருக்கிறது.

சண்டையில் வென்று படையெடுப்பில் தோற்பதற்கு 1791-ஆம் ஆண்டு நல்ல பாடம். ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் மே 15 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே அரிக்கெரேயில் திப்புவின் படையைப் பின்தள்ளினார். ஆயினும் மழையும் பசியும் நோயும் இழுவை மாடுகளைக் கொன்றுவிட்டபடியால், முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. மேசையில் ஆடினால் இது வெற்றி. நிலப்படத்தில் ஆடினால் தோல்வி.

அதற்கு முந்தைய ஆண்டின் கொங்குப் போர் இதனினும் நுட்பமானது. 1790 கோடையில் ஆங்கிலேயத் தளபதி மெடோஸ் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, கரூர், தாராபுரம், கோயம்புத்தூர் ஆகியவற்றைப் பெரும் எதிர்ப்பின்றிப் பிடித்தார். பிறகு தம் படையைப் பிரித்து, கர்னல் ஃபிளாய்டைச் சத்தியமங்கலத்திலும், ஒரு பிரிவைப் பாலக்காட்டை நோக்கியும் விட்டு, தாம் கோயம்புத்தூரில் தங்கினார். செப்டம்பரில் திப்பு கஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி ஃபிளாய்டைத் தாக்க, அவர் பவானி ஆற்றங்கரையை விட்டு, இன்றைய அவிநாசி வட்டத்துச் சேவூர் வழியாகப் போரிட்டுக்கொண்டே பின்வாங்கினார். பிரிந்த பிரிவுகள் ஒன்றுசேர்ந்தபோது, திப்பு அவற்றைச் சுற்றிக்கொண்டு ஈரோட்டையும் தாராபுரத்தையும் மீட்டார். ஈரோடு–கோயம்புத்தூர் இருப்புப்பாதையில் திருப்பூருக்குக் கிழக்கே, வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளி (பொள்ளாச்சி அருகிலுள்ள ஜமீன் ஊத்துக்குளி வேறு) சத்தியமங்கலம், கோயம்புத்தூர், தாராபுரம், ஈரோடு ஆகிய நான்கு ஊர்களுக்கும் நடுவிலுள்ள நிலப்பரப்பில் அமைந்துள்ளது.

இந்நிலத்தை மேசையில் அமைப்பவர் ஐரோப்பிய வழக்கப்படி கோதுமை வயலும் கல்வீடும் வைத்தால் ஆட்டம் பொய்த்துவிடும். கிளுவை முள்வேலி சூழ்ந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலம் குதிரைப்படையின் பாய்ச்சலைத் துண்டாடும். நொய்யல் ஆண்டின் பெரும்பகுதி கடக்க எளிதான மணற்படுகை, பருவமழை பெய்த நாள்களில் மட்டும் தடை. கோடையில் தண்ணீருள்ள குளமே முகாமிடும் இடத்தைத் தீர்மானிக்கும். 1800-இல் இப்பகுதியைச் சுற்றிவந்து பயிர், நீர்நிலை, வழி ஆகியவற்றைக் குறித்து 1807-இல் நூலாக வெளியிட்ட பிரான்சிஸ் புக்கானனின் பயணக்குறிப்பு, எந்தப் போர்க்குறிப்பையும்விட ஆட்டம் வடிப்பவருக்குப் பயன்தரும். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்க்குச் செந்நிறச் சட்டையோடு முழுக்காற்சட்டை தீட்டுவதும் வழக்கமான பிழை. அக்காலச் சென்னைப் படைச் சிப்பாய் முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டைக் காற்சட்டையும் தலைப்பாகையும் அணிந்தவன். இழுவை மாடுகளுக்குத் தனி உருவம் வைப்பது வீண் அலங்காரமன்று. மைசூர் அரசு பீரங்கி இழுக்கவென்றே அம்ருத மகால் மாடுகளைப் பேணியது, காங்கேயம் மாடுகளின் தாயகமோ இக்களத்துக்குள்ளேயே உள்ளது.

மைசூர் வீழ்ந்தபின் கொங்குப் பாளையக்காரர் தீரன் சின்னமலை நடத்திய எதிர்ப்பு வேறொரு சிக்கலைத் தருகிறது. 1800 சூனில் கோயம்புத்தூர்க் கம்பெனிப் படையைத் தாக்கப் பாளையக்காரர்கள் வகுத்த திட்டம் முறிந்தது. 1801 முதல் 1804 வரை காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் சின்னமலை போரிட்டதை மரபுவழி வரலாறுகள் கூறுகின்றன. 1805-இல் அவர் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இப்போர்களின் ஆள்தொகையும் அணிவகுப்பும் உறுதியாகத் தெரியாத நிலையில், அவற்றை வரிசையும் சதுரமுமாக மேசையில் நிறுத்துவது கற்பனையாகவே முடியும். செய்தி யாரிடம் போய்ச் சேர்ந்தது, எந்த ஊர் சோறிட்டது, எது காட்டிக்கொடுத்தது என்று நகரும் நிலப்பட ஆட்டமாகவே இதை அமைக்க முடியும். ஆடுபுலியின் சமமின்மை இங்கே நேராகவே பொருந்துகிறது.

இந்தியாவில் இன்று இவ்வாட்டம் ஒரு சிறு வட்டத்தின் பொழுதுபோக்கு. அதன் படைத்துறைக் கிளை மட்டும் வலுவாக நிலைத்துள்ளது. மணலில் நிலத்தை வடித்து நகர்வுகளை விவாதிக்கும் மணல் மாதிரிப் பயிற்சி இந்தியத் தரைப்படையில் வழக்கமானது. முப்படை அலுவலர்களும் போர் விளையாட்டைப் பாடமாகப் பயிலும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி, 1947-இல் குவெட்டாவிலிருந்து நீலகிரிக்கு இடம்பெயர்ந்து, வாட்டர்லூவில் வென்றவரின் பெயரைத் தாங்கிய வெலிங்டனில் இயங்கிவருகிறது.