பந்திங் தமிழ்ப் பெற்றோரும் ஆங்கிலக் கல்வியும்

பந்திங், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோல லங்காட் மாவட்டத்தின் முதன்மை நகரம். ஜுக்ரா, புரூக்லண்ட்ஸ், கேரித் தீவு எனச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்களின் வழித்தோன்றல்களே இங்குள்ள தமிழரில் பெரும்பான்மையோர். பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற விருப்பம் இவர்களுள் எல்லாத் தரப்பினருக்கும் உண்டு. அதை அடையும் வழிதான் வர்க்கத்துக்கு வர்க்கம் மாறியது.

ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொன்னது. பல இடங்களில் எழுத்தரான கிராணியோ மேற்பார்வையாளரான கங்காணியோ வாத்தியாராக இருந்தார். தமிழில் சில வகுப்புகள் முடித்த பிள்ளை பால் வாளியைத் தூக்கியது. கிராணியின் பிள்ளைக்கோ பட்டணத்து ஆங்கிலப் பள்ளி வாய்த்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர் பலருக்கும் 1893இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடம் போன்ற பள்ளிகளே அரசாங்க வேலைக்கு வழி. அங்கே படிக்கக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அது தோட்டக் கூலிக்குக் கட்டுப்படியாகாதது. ஆனால் தொழிலாளிக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்பது அபாண்டம். 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் பிள்ளைகளின் கல்வியும் இருந்தது.

1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. வீட்டிலேயே ஆங்கிலம் புழங்கிய நடுத்தரக் குடும்பங்கள் இதைச் சமாளித்தன. அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர்களுக்கு இருந்த ஒதுக்கீட்டு வரம்பு 2012இல் நீங்கியதும், வசதி படைத்தோருக்கு அவை திறந்தன.

எஞ்சியோருக்குக் கிடைத்தவை அரசுத் திட்டங்களே. 2003இல் கணிதமும் அறிவியலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அதைக் கைவிட அரசு முடிவெடுத்தது. 2016இல், அப்பாடங்களை மீண்டும் ஆங்கிலத்தில் கற்பிக்க வழிவிடும் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. ஆசிரியர் ஆயத்தம், பெற்றோர் ஒப்புதல், மலாய்மொழித் தேர்ச்சி உள்ளிட்ட நிபந்தனைகளோடு பள்ளிகள் இதில் சேரலாம். கட்டணமில்லாமல் ஆங்கிலம் கிடைக்கிறதே என்று பெற்றோர் சிலர் வரவேற்றனர். தமிழ்ப்பள்ளியின் பயிற்றுமொழியே பறிபோகும் என்று தமிழ் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்த அச்சம் நியாயமானது. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராத பிள்ளை, புரியாத மொழியில் கணக்குப் படித்தால் இரண்டிலும் பின்தங்கக்கூடும். டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டில் அந்த இழப்பை ஈடுசெய்வது கடினம்.

கணிதமும் அறிவியலும் தமிழில் இருக்க, தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு ஆங்கிலத்தைத் தனிப்பாடமாக நன்கு கற்பிப்பதே உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற வழி. அத்தகைய ஆசிரியர்களைத் தமிழ்ப்பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டியது கல்வி அமைச்சின் கடமை.