(500) டேஸ் ஆஃப் சம்மர்

(500) டேஸ் ஆஃப் சம்மர் 2009இல் வெளிவந்த அமெரிக்கக் காதல் நகைச்சுவைத் திரைப்படம். மார்க் வெப் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. திரைக்கதையை ஸ்காட் நியூஸ்டாட்டர், மைக்கேல் எச். வெபர் ஆகியோர் எழுதினர். டாம் ஹேன்சனாக ஜோசப் கார்டன்-லெவிட்டும் சம்மர் ஃபின்னாக ஜோயி டெஷனலும் நடித்தனர். விமரிசகர்கள் பெரும்பாலும் பாராட்டிய இப்படத்தில், இவ்விருவரின் காதல் முறிவுக்குப் பொறுப்பு யார் என்பதில் பார்வையாளர்கள் இன்றும் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர்.

கதையமைப்பு

லாஸ் ஏஞ்சலஸில் வாழ்த்து அட்டை நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் டாம், அங்கே புதிதாக வேலைக்கு வரும் சம்மர்மீது காதல் கொள்கிறான். இது காதல் கதை அல்ல என்று பின்னணிக் குரல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கதை நடக்கும் 500 நாட்களும் வரிசைப்படி வருவதில்லை. 488ஆம் நாளில் தொடங்கும் படம் முன்னும் பின்னுமாகத் தாவுகிறது. பிரிவு நிகழ்வது 290ஆம் நாளில். ஆனால் அது படத்தின் தொடக்கத்திலேயே காட்டப்படுகிறது.

விமரிசகர் கருத்து

ராஜர் ஈபர்ட் இப்படத்துக்கு நான்கு நட்சத்திரம், அதாவது தமது முழு மதிப்பெண்ணை வழங்கினார். முறிந்த காதலை நினைத்துப் பார்ப்பவர் நாள் வரிசையில் நினைப்பதில்லை என்று கூறி, கதை சொல்லும் முறைக்கு அவர் நியாயம் கண்டார். அதிகம் பேசப்பட்டது திரையை இரண்டாகப் பிரித்த மொட்டைமாடி விருந்துக் காட்சி. இடப்பக்கம் டாமின் எதிர்பார்ப்பும் வலப்பக்கம் நடப்பும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கற்பனையில் முத்தம் கிடைக்கும் இடத்தில், நடப்பில் ஒரு சம்பிரதாய அணைப்புதான் கிடைக்கிறது. சம்மர் விரலில் நிச்சயதார்த்த மோதிரத்தை டாம் பார்க்கும்போது நடப்பு திரை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது.

குறை கண்டவர்கள் சம்மரின் பாத்திரப் படைப்பைச் சுட்டினர். அவளுடைய மனம் படத்தில் திறக்கப்படுவதில்லை, ஆணின் ஏக்கத்துக்கு வடிவம் தரவே அவள் வருகிறாள் என்பது அவர்கள் வாதம். அவள் டாமின் கண்ணுக்குத் தெரிந்த சம்மர் மட்டுமே, அந்தப் பார்வையின் முதிர்ச்சியின்மைதான் படத்தின் பொருள் என்று வெப் விளக்கமளித்தார்.

பார்வையாளர் கருத்து

படம் வெளிவந்த காலத்தில் பலரும் டாமின் பக்கம் நின்றனர். ஆசை காட்டி ஏமாற்றியவள் என்று சம்மரைப் பழித்தனர். பின்னாளில் இக்கருத்து மாறியது. ஐகியா அறைகலன் கடையில் இருவரும் குடித்தனம் நடத்துவதுபோல் விளையாடும் காட்சியிலேயே, தீவிரமான உறவை நாடவில்லை என்று சம்மர் தெளிவாகச் சொல்கிறாள். டாமும் சரி என்கிறான். ரசனை ஒத்துப்போவதால் மட்டும் ஒருத்தி வாழ்க்கைத் துணை ஆகிவிடமாட்டாள் என்று அவனுடைய சிறு வயதுத் தங்கையே எச்சரிக்கிறாள். சம்மருக்கு ஆதரவாகப் பேசுவோர் இவ்விரு காட்சிகளையும் சான்றாகக் காட்டுகின்றனர். டாம் தன்னலக்காரன், அவள் சொல்வதைக் காதில் வாங்காதவன் என்று 2018இல் கார்டன்-லெவிட்டே கருத்துத் தெரிவித்தார். எனினும், வேண்டாம் என்ற பிறகும் நெருக்கம் காட்டியது சம்மரின் பிழை என்போர் இன்றும் உண்டு.

வசூலும் விருதுகளும்

2009 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இப்படம், ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. சுமார் 75 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, உலகளவில் ஏறத்தாழ 6 கோடி டாலர் வசூலித்தது. சிறந்த இசை அல்லது நகைச்சுவைப் படம், அப்பிரிவின் சிறந்த நடிகர் ஆகியவற்றுக்கான கோல்டன் குளோப் பரிந்துரைகளைப் பெற்றது. சிறந்த திரைக்கதைக்கான இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதை வென்றது. வெப் அடுத்து இயக்கிய திரைப்படம் 2012இல் வெளியான தி அமேசிங் ஸ்பைடர்-மேன்.