தலைவனே நீதிபதியாயிருந்த காலம்

மலர் ஒன்றிலே விளையாட்டைப் பற்றி எழுதுவதா, அதிலும் சேற்றிலே புரண்டு ஆடும் றகர் ஆட்டத்தைப் பற்றியா என்று நேயர்கள் சிலர் மூக்கில் விரலை வைக்கக்கூடும். யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு வருடாந்தப் போட்டி என்றவுடன் நினைவுக்கு வருவது, மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டமே. மலைநாட்டு மிஷன் பாடசாலையொன்றிலே பயின்ற எமக்கோ அந்நினைவு றகர் பந்தோடு வருவது. ஆட்டத்துக்கு முந்திய இரவில் விடுதியிலே எவரும் உரத்துப் பேசமாட்டார். அணித்தலைவன் மட்டும் தனியே மைதானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வருவான். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் மீது ஏன் இத்தனை சுமை என்று அப்பொழுது நாம் வியந்ததுண்டு. அப்பதவி எங்கிருந்து வந்தது என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே தேடிப் படித்தோம்.

இங்கிலாந்திலே றக்பி என்னும் ஊரிலுள்ள பாடசாலையில் பிறந்தது இவ்வாட்டம். 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான் என்ற கதை யாவரும் அறிந்ததே. அக்கதை அரை நூற்றாண்டு கழித்து 1876இல்தான் முதன்முதல் எழுத்தில் வந்தது. ஆகவே அதனை நாம் பெரிதாகக் கொள்ளவேண்டியதில்லை. எமது கவனத்துக்குரிய ஆண்டு 1845. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், மேல்வகுப்பு மாணவர் மூவர் அமர்ந்து ஆட்ட விதிகளை எழுதினர். மொத்தம் 37 விதிகள். ஆசிரியர் எவரும் அதிற் கைவைக்கவில்லை. மூவருள் ஒருவன் வில்லியம் டெலாபீல்ட் ஆர்னல்ட். அப்பாடசாலையின் புகழ்பெற்ற அதிபர் தோமஸ் ஆர்னல்டின் மகன். அப்போது அவனுக்கு வயது பதினேழு. பின்னாளில் அவன் இந்தியாவுக்கு வந்து, பஞ்சாப் மாகாணத்தின் கல்விப் பணிப்பாளனாகி, 1859இல் தாயகம் திரும்பும் வழியில் ஜிப்ரால்டரில் இறந்தான்.

அவ்விதிகளுள் ஒன்று எம்மை வியக்கவைத்தது. ஆட்டத்தில் எழும் பிணக்குகள் யாவற்றுக்கும் இரு கட்சித் தலைவர்களுமே, அல்லது அவர்கள் நியமிக்கும் இருவருமே, தீர்ப்பளிப்பவர் என்பது அது. மத்தியஸ்தர் இல்லை; ஊதுகுழல் இல்லை. எதிரி அணியின் தலைவனோடு கூடி நின்று, தன் தோழன் செய்தது பிழையா சரியா என்று சொல்லவேண்டியவன் தலைவன். ஒரே ஆள் கட்சிக்காரனாகவும் நீதிபதியாகவும் இருத்தல் வேண்டும்! எமது ஊர்ப் பஞ்சாயத்திலே இப்படி ஓர் ஏற்பாட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆயினும் பாடசாலைக்குள்ளே அது நடந்தது. ஆர்னல்ட் அதிபர் மேல்வகுப்பு மாணவர் கையிலே ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்திருந்தமையால், தீர்ப்புச் சொல்லவும் தீர்ப்பைக் கேட்கவும் அவர்கள் பழகியிருந்தனர்.

பாடசாலைக்கு வெளியேயும் இவ்வழக்கு நெடுங்காலம் நின்றது. 1871 ஜனவரி மாதம் லண்டனில் றக்பி சங்கம் அமைந்து 59 விதிகளை வகுத்தபோது, கடைசி விதியாக வைத்தது இதனையே: பிணக்குகளைத் தீர்ப்பவர் இரு தலைவர்களே. அவ்வாண்டு மார்ச்சிலே எடின்பரோவில் ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் முதன்முதலாக மோதின. பக்கத்துக்கு இருபது பேர். நடுவராக நின்றவர்களுள் ஒருவர் அல்மண்ட் என்னும் பாடசாலை அதிபர். ஸ்கொத்லாந்து பெற்ற புள்ளி ஒன்றை இங்கிலாந்தார் மறுத்து வாதாடினர். அவர் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தார். சந்தேகம் வந்தால் அதிகம் கூச்சலிடும் கட்சிக்கு எதிராகத் தீர்ப்பளிப்பதே நன்று என்று பின்னொருநாள் அவர் எழுதிவைத்தார். எமது விடுதிக் கண்காணிப்பாளரும் இதே கொள்கையினர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முறை உடைந்தது 1884இல். அவ்வாண்டு இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் நடந்த ஆட்டத்திலே ஸ்கொத்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையாற் பின்னோக்கித் தட்டினார். அது பிழை, ஆகவே ஆட்டம் அவ்விடத்தில் நின்றுவிட்டது என்பது ஸ்கொத்லாந்தின் வாதம். பிழை செய்தவர் நீங்கள், அதனால் இலாபமும் நீங்கள் பெறுவதா என்பது இங்கிலாந்தின் வாதம். இடையிலே இங்கிலாந்து வீரர் பந்தோடு ஓடி ட்றை வைத்துவிட்டார். அதன்மேல் உதைத்த பந்தும் கம்பத்தைத் தாண்டியது. ஆட்டம் அதனாலேயே முடிவாயிற்று. மைதானத்திலே நெடுநேரம் வாதாடினர். பின்பு மாதக்கணக்காகக் கடிதங்களில் வாதாடினர். 1885இல் இரு நாடுகளும் ஆடவேயில்லை. இச்சண்டையின் விளைவே 1886இல் தோன்றிய சர்வதேச றக்பி சபை. 1885இலே மத்தியஸ்தர் கையில் ஊதுகுழல் வந்தது. சிறிது சிறிதாகத் தீர்ப்பு முழுவதும் அவரிடம் போயிற்று. தலைவன் நீதிபதி ஆசனத்திலிருந்து இறங்கினான்.

எமது நாட்டுக்கு றகர் ஆட்டம் பாடசாலை வழியாக வந்தது இவ்விறக்கத்தின் பின்னரே. கண்டியிலே 1891இல் பிளேஸ் என்பவர் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான அவர், தம் பாடசாலையில் இவ்வாட்டத்தைப் புகுத்தினார். மோதுவதற்கு வேறு பாடசாலை இல்லாமையாற் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று. பிரேசர் பாதிரியார் அதிபராயிருந்த காலத்தில், 1906இலே, திரித்துவக் கல்லூரி எதிர்த்து ஆட முன்வந்தது. இலங்கையின் முதலாவது பாடசாலை றகர் போட்டி ஆறுக்கு ஆறு என்று சமமாக முடிந்தது. அழகான தொடக்கம் என்றே சொல்லவேண்டும். கொழும்பு றோயல் கல்லூரி திரித்துவக் கல்லூரியை முதன்முதற் சந்தித்தது 1920இல். றோயல் அதிபர் பிராட்பி வழங்கிய கேடயத்துக்காக அவ்விரு பாடசாலைகளும் 1945 முதல் ஆடிவருகின்றன. ஓர் ஆட்டம் கண்டியில், ஓர் ஆட்டம் கொழும்பில். இரண்டின் மொத்தப் புள்ளிகளைக் கூட்டியே கேடயம் யாருக்கென்று முடிவாகும். முதலாவது ஆட்டத்திலே பத்துப் புள்ளிகள் பின்தங்கிய தலைவன், அப்பத்தையும் தலையிற் சுமந்துகொண்டே இரண்டாவது ஆட்டத்துக்கு இறங்கவேண்டும்.

நீதிபதி ஆசனம் போனபின் தலைவனுக்கு எஞ்சியது என்ன? நாணயம் சுண்டும்போது காற்றைப் பார்த்துப் பக்கம் தெரிதல். மத்தியஸ்தரிடம் அணியின் சார்பிற் பேசும் உரிமை. தண்ட உதை கிடைத்தால் கம்பத்தை நோக்கி உதைப்பதா, கோட்டுக்கு வெளியே அடித்து ட்றை தேடுவதா என்ற முடிவு. இம்முடிவு முன்பு எளிதாயிருந்தது. ஏனெனில் ட்றைக்கும் மூன்று புள்ளி, தண்ட உதைக்கும் மூன்று புள்ளி. 1971இல் ட்றைக்கு நான்காகவும் 1992இல் ஐந்தாகவும் உயர்த்தினர். தண்ட உதை மூன்றாகவே நின்றது. நிச்சயமான மூன்றா, நிச்சயமற்ற ஏழா என்று சில விநாடிகளிலே சொல்லவேண்டிய இடர் அதனால் வந்தது. முந்திய காலத்திலே துணையும் குறைவு. இங்கிலாந்தின் தேசிய அணிக்கே 1969 வரை முறையான பயிற்சியாளர் இருக்கவில்லை. இன்று பாடசாலை அணிக்கே பயிற்சியாளர் பலர். தலைவன் பெயருக்குத்தான் என்பாரும் உளர்.

நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. அதற்குக் காரணம் எமது கடைசி ஆண்டிலே நடந்தது.

வருடாந்த ஆட்டத்துக்கு மூன்று நாட்களுக்கு முன், பயிற்சியின்போது எமது உதை வீரனின் தலை இன்னொருவன் முழங்காலில் மோதியது. எழுந்து சிரித்துவிட்டு ஓடினான். பயிற்சியாளர் அன்று மறுபக்கத்தில் நின்றமையாற் காணவில்லை. அன்றிரவு அவன் வாந்தி எடுத்ததும், மறுநாட் காலை பாடப் புத்தகத்தின் எழுத்துகள் ஆடுகின்றன என்று சொன்னதும் விடுதியிலே பக்கத்துக் கட்டிலிற் படுத்த தலைவனுக்கு மட்டுமே தெரியும். இருவரும் ஆறாம் வகுப்பு முதல் ஒன்றாக இருந்தவர்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே வீரனை நீக்கிவிட வேண்டும் என்பது இன்றைய உலக றக்பியின் விதி. ஆனால் கண்டவர் சொன்னாலன்றோ விதி வேலை செய்யும்?

முந்திய நாள் மாலை நாம் உடைகளை எடுத்துவைத்துக் கொண்டிருந்தோம். தலைவன் வந்து அவன் முன் நின்றான்.

"மச்சான், நீ நாளைக்கு இறங்கேல்லை. சேரிட்டைச் சொல்லிப்போட்டன்."

"டேய், இது எங்கட கடைசி மட்ச்."

"தெரியும்."

அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. நண்பன் தன் உடையைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போனான். நாமும் அன்று தலைவன் மீது கோபங் கொண்டவர்களே. சேரிடம் யாரும் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றே எண்ணினோம்.

மறுநாள் இரண்டு புள்ளிகளாற் தோற்றோம். கடைசி நிமிடங்களிலே, கம்பத்துக்கு நேரே, எமக்குத் தண்ட உதை ஒன்று கிடைத்தது. தலைவன் கம்பத்தைக் கைகாட்டினான். நண்பனுக்குப் பதிலாக இறங்கிய பையன் உதைத்தான். பந்து வலப்பக்கம் விலகிப் போயிற்று. பழைய மாணவர் சிலர் அன்று தலைவனுக்குக் கைகொடுக்கவில்லை. எதிரணித் தலைவனோ செய்தியைக் கேள்விப்பட்டிருக்கவேண்டும். எமது பஸ்வரை நடந்துவந்து, நண்பனுக்கு இப்போது எப்படி என்று தலைவனிடம் கேட்டுவிட்டுப் போனான்.

திரும்பும்போது தலைவன் முன்னாசனத்திலே தனியே இருந்தான். எவரும் பாடவில்லை. பஸ் மலையேறத் தொடங்கிய வேளையில், பின்னாலே படுத்துக் கிடந்த நண்பன் எழுந்து, ஆசனங்களைப் பிடித்துப் பிடித்து நடந்து போய், ஒன்றும் பேசாமல் அவனருகே அமர்ந்தான்.