எண்ணப்படும் நடை

அறுவை சிகிச்சை முடிந்த உடலை என்ன செய்வது என்பது மருத்துவத்துக்குள் மட்டும் முடிந்துபோகிற கேள்வி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேற்கத்திய மருத்துவமனையில் பதில் ஒன்றுதான்: படு, வாரக்கணக்கில் படு. நம்ம வீடுகளில் ‘பச்ச ஒடம்பு, அசையாத’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். 1899இல் சிகாகோவின் எமில் ரீஸ், வயிற்று அறுவை முடிந்த பெண்களைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவிடலாம் என்று எழுதினார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1940களில் டெட்ராய்ட்டின் லைத்தாசர் அதையே சொன்னபோது கேட்டார்கள். ரத்தம் உறைதலும் நிமோனியாவும் குறையும் என்ற காரணம் இருந்தது, உலகப்போரும் இருந்தது. கட்டில் போதவில்லை, செவிலியர் போதவில்லை, சிப்பாய் களத்துக்குத் திரும்ப வேண்டும். நடப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நோயாளியின் நலமும் கட்டில் காலியாவதும் அன்று முதல் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அசைந்தால் வலிக்கும். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டியவர்கள் இறுகும் வடுவை நீட்டி மடக்கியே ஆகவேண்டும். மார்பின் மட்டும் போதாது. சியாட்டிலில் ஹாஃப்மனும் பாட்டர்சனும் 1990களில் இவர்களுக்கு மெய்நிகர் உலகைக் காட்டும் தலைக்கவசம் மாட்டினார்கள். பிறகு வந்த ‘ஸ்னோவேர்ல்ட்’ இவர்களுக்கென்றே செய்த பனிப் பள்ளத்தாக்கு: தீக்கு எதிராகப் பனி, பனிமனிதர்கள்மீது பனியுருண்டை எறியலாம். 2000இல் வெளியான ஆய்வில் 12 பேர், மூன்றே நிமிடப் பயிற்சி. வலியைப் பற்றி எவ்வளவு நேரம் நினைத்தீர்கள் என்று கேட்டதற்கு, நூற்றுக்கு 60ஆக இருந்த அளவு 14ஆக இறங்கியது. உடலை மறக்கடிக்கும் தந்திரம்தான். ஆனாலும் அங்கே நோயாளியின் வாயைப் பார்த்துக் கேட்டார்கள்.

நடையை எண்ணும் பட்டை யாரையும் கேட்பதில்லை. 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்ற ‘மன்போ-கெய்’ என்ற கருவியின் பெயருக்குப் பொருள் ‘பத்தாயிரம் அடி மானி’. அந்தப் பத்தாயிரம் விற்பனைக்காக வைத்த எண். 2009இல் ஃபிட்பிட் வந்தது. 2013இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வு, இதய அறுவை முடிந்த முதியோருக்கு அதைக் கட்டி எண்ணியது: தொடக்க நாட்களில் அதிகம் நடந்தவர்கள் சீக்கிரம் வெளியேறினார்கள். நடந்ததால் தேறினார்களா, தேறியதால் நடந்தார்களா? எண்ணிக்கை மட்டும் அதைச் சொல்லிவிடாது. வீடு திரும்பிய பெண் அடுப்படிக்கும் குழாயடிக்கும் வேறு வழியில்லாமல் நடந்த அடிகளும் அதில் ‘முன்னேற்றம்’ என்றுதான் ஏறும்.