மார்லவாய் முதல் குஞ்சாலா வரை: ஐதராபாத்தில் கோண்டி மொழிப் பாடநூல் முயற்சிகள்

முன்னுரை

கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் (1856) திராவிட மொழிகளைத் திருந்திய மொழிகள், திருந்தா மொழிகள் என இரு கூறாகப் பகுத்தார். எழுத்தும் இலக்கியமும் உடைமையே இப்பகுப்பிற்கு அடிப்படையாக அமைந்தது. கோண்டி மொழி திருந்தா மொழிகளின் வரிசையில் வைக்கப்பெற்றது. இப்பகுப்பை மொழியியலார் இன்று ஏற்பதில்லை. ஆயினும் வகுப்பறையில் அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 29.8 இலட்சம் மக்கள் பேசும் கோண்டி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெறவில்லை. அதனைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் வேற்றுமொழி வழியாகவே எழுத்தறிவு பெறுகின்றனர்.

இந்நிலையை மாற்ற ஐதராபாத்து அரசு 1943இல் ஒரு முயற்சியை மேற்கொண்டது. அம்முயற்சி எவ்வாறு தோன்றியது, ஏன் தொடரவில்லை, பின்னைய முயற்சிகளுக்கு அது உணர்த்துவது யாது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்புலம்

நிசாம் ஆட்சியில் ஆதிலாபாத் மாவட்டக் கோண்டுகள் தாம் உழுது வந்த நிலங்களைப் படிப்படியாக இழந்தனர். காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டமையும், வெளியார் குடியேற்றமும், வட்டிக்கடனும் இதற்குக் காரணங்களாயின. அரசு அலுவல்மொழி உருது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் எழுதப்பட்டது யாது என்பதை நிலத்திற்குரியவரே படித்தறிய இயலாத நிலை நிலவியது. 1940இல் ஜோடேகாட்டில் கொமரம் பீம் தலைமையில் எழுந்த கிளர்ச்சி ஆயுதம் கொண்டு ஒடுக்கப்பட்டது, பீம் கொல்லப்பட்டார்.

இக்கிளர்ச்சியின் காரணங்களை அறிய விரும்பிய அரசு, மானிடவியல் அறிஞர் கிறிஸ்டோப் வான் பியூரர்-ஹைமண்டார்பின் உதவியை நாடியது. வியன்னாவில் பிறந்த இவர் 1939இல் ஐதராபாத்திற்கு வந்தவர். இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் பகைநாட்டுக் குடிமகனாகக் கருதப்பட்டு, ஐதராபாத்து அரசின் எல்லைக்குள் தங்கியிருக்க நேர்ந்தது. கோண்டுகளின் இன்னல்களுக்கு நிலமிழப்பும் எழுத்தறியாமையும் ஒன்றையொன்று வளர்க்கும் காரணங்களாக உள்ளன என்பதை அவர் கண்டார். எனவே நிலப்பட்டா வழங்கலும் கல்வித் திட்டமும் ஒருங்கே தொடங்கப்பெற்றன. கோண்டி கற்பித்தல் நிலவுரிமைச் சிக்கலின் ஒரு கூறாகத் தொடங்கியது என்பது இங்குக் கருதத்தக்கது.

மார்லவாய்ப் பயிற்சி மையம்

1943இல் மார்லவாய் என்னும் சிற்றூரில் ஆசிரியர் பயிற்சி மையம் நிறுவப்பெற்றது. இவ்வூர் இன்று தெலங்கானாவின் குமரம் பீம் ஆசிபாபாத் மாவட்டத்தில் உள்ளது. கோண்டி அறிந்த ஆசிரியர் எவரும் அரசுப் பள்ளிகளில் இல்லாமையால், கோண்டு இளைஞர்களையே தெரிந்தெடுத்துப் பயிற்றி ஊர்ப்பள்ளிகளுக்கு அனுப்பும் முறை மேற்கொள்ளப்பட்டது. தேவநாகரி எழுத்தில் கோண்டித் தொடக்கநூலும் வாசிப்பு நூல்களும் உருவாக்கப்பெற்றன. கோண்டுகளின் தொன்மங்களும் கதைகளும் அவற்றிற்குப் பொருளாயின. அப்பகுதியில் பரவலாக வழங்கிய மராத்தியின் எழுத்து என்பதால் தேவநாகரி ஏற்புடையதாயிற்று.

இப்பாடநூல்களுக்குரிய மூலவளம் கோண்டுகளிடமே இருந்தது. கோண்டுகளின் குல வரலாற்றைப் பாடிக் காப்போர் பர்தான் எனப்படும் பாணர் மரபினர் ஆவர். கிக்ரி என்னும் நரம்பிசைக்கருவியை இசைத்துக்கொண்டு, பண்பாட்டுத் தலைவனாகிய பகாந்தி குபார் லிங்காலின் கதையையும் குலத்தெய்வமாகிய பெர்சா பேனின் வரலாற்றையும் விழாக்களில் இவர்கள் பாடுவர். கோண்டுகளின் குலப்பகுப்பும் எண்ணுப்பெயர்களோடு பிணைந்தது. யேர்வேன், சார்வேன், சீவேன், நால்வேன் எனும் நாற்பெரும் பிரிவுகள் முறையே எழுவர், அறுவர், ஐவர், நால்வர் உடன்பிறந்தார் வழியினரைக் குறிப்பன. ஒரே பிரிவினர் தம்முள் மணவுறவு கொள்வதில்லை. நால்வேன் என்பதிலும் யேர்வேன் என்பதிலும் தமிழ் எண்ணுப்பெயர்களின் உறவைத் தமிழறிந்தார் எளிதில் உணர்வர். கோண்டுக் குழந்தைக்கோ அவை தன் குலம் யாது, உறவினர் யாவர் என்பதை அறிவிக்கும் சொற்கள். எண்ணுப்பாடம் ஒன்றே மொழிப்பாடமாகவும் வரலாற்றுப் பாடமாகவும் அமையும் வாய்ப்பு இம்மொழியில் உண்டு.

இதற்கு முன்னோடி முயற்சி ஒன்று தெலுங்கு நாட்டில் நிகழ்ந்திருந்தது. பர்லாகிமிடியில் ஆசிரியராக விளங்கிய கிடுகு வேங்கட இராமமூர்த்தி (1863-1940), முண்டா மொழிக் குடும்பத்தைச் சார்ந்த சவர மொழியைக் கற்று, அம்மொழியில் பாடநூல்கள் எழுதியதோடு சவரக் குழந்தைகளுக்குப் பள்ளிகளும் நடத்தினார். அது தனியொருவரின் தொண்டு. மார்லவாய் முயற்சியோ அரசின் திட்டம். பாடநூல், ஆசிரியர், பள்ளி ஆகிய மூன்றும் ஒருசேரத் திட்டமிடப்பெற்றமை இதன் சிறப்பாகும்.

எனினும் இத்திட்டத்தினுள் ஒரு குறை தொடக்கத்திலேயே இருந்தது. கோண்டி, குழந்தை ஏறிச் செல்லும் முதற்படியாக மட்டுமே கொள்ளப்பட்டது. அடுத்த படிகள் வேற்றுமொழிகளுக்கு உரியனவாக இருந்தன. மேல்வகுப்பிலோ அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ கோண்டிக்கு இடமளிக்கப்படவில்லை. ஆகவே அலுவல்மொழி மாறியபோது முதற்படியும் அசைவுற்றது.

1956: சட்டமும் நடைமுறையும்

1948இல் ஐதராபாத்து இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பெற்றது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, ஆதிலாபாத்தின் பெரும்பகுதி ஆந்திரப்பிரதேசத்திலும் இராஜுரா வட்டம் பம்பாய் மாநிலத்திலும் சேர்ந்தன. தெலுங்குக்கும் மராத்திக்கும் மாநிலங்கள் வாய்த்தன. இரண்டிற்கும் இடையே வாழ்ந்த கோண்டி மக்கள் பிரிவுற்றனர். தெலுங்கு ஆட்சிமொழியான பகுதியில் தேவநாகரியில் அமைந்த கோண்டி நூல்களுக்குப் பயன் இல்லாமற்போயிற்று. கோண்டி வழிக் கற்பித்தல் கைவிடப்பட்டது.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம், 350-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்கப் போதிய வசதி செய்தல் வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். கோண்டி வழிக் கல்விக்குச் சட்டத்தின் துணை கிடைத்த காலமும், அக்கல்வி வகுப்பறையினின்று விலகத் தொடங்கிய காலமும் ஒன்றாகவே அமைந்தன.

ஆய்வும் வகுப்பறையும்

கோண்டியும் அதன் அண்டை மொழிகளும் வகுப்பறையில் இடமின்றி இருந்த காலத்திலேயே அவை பற்றிய மொழியியல் ஆய்வுகள் பெருகின. பி. சேதுமாதவராவின் கோலாமி இலக்கணம் 1950இல் ஐதராபாத்தில் வெளிவந்தது. பி. எஸ். சுப்பிரமணியத்தின் கோண்டி விளக்க இலக்கணத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1968இல் வெளியிட்டது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் கொண்டா மொழி ஆய்வை ஐதராபாத்துப் பழங்குடியினர் பண்பாட்டு ஆய்வு நிறுவனம் 1969இல் வெளியிட்டது. இவை திராவிட மொழியியலுக்கு அரிய கொடைகள். தமிழ்த்துறைகளின் ஒப்பிலக்கணப் பாடங்களும் இத்தகைய நூல்களால் வளம்பெற்றன. ஆயினும் இவ்விலக்கணங்களிலிருந்து குழந்தைகளுக்கான பாடநூல்கள் உடனே கிளைக்கவில்லை. சொல்லையும் கதையையும் வழங்கிய மக்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வின் பயன் சென்று சேரவில்லை என்பதை ஆய்வுலகம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அண்மைக்கால முயற்சிகள்

ஆந்திரப்பிரதேச அரசு 2004இல் கோண்டி, கோயா, கோலாமி, குவி, சவரா உள்ளிட்ட எட்டு மொழிகளில் பன்மொழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இம்முறை பாடநூல்கள் தெலுங்கு எழுத்தில் அமைந்தன. குழந்தை பின்னர்த் தெலுங்குக்கு மாறுவதற்கு அது எளிது. எனினும் தாய்மொழியை முதற்படியாக மட்டும் கொள்ளும் பழைய கருத்து இதிலும் தொடர்ந்தது.

இந்நிலையில் ஆதிலாபாத் மாவட்டக் குஞ்சாலா என்னும் ஊரில் கோண்டிக்கே உரிய எழுத்தில் அமைந்த கையெழுத்துப் படிகள் 2006ஆம் ஆண்டளவில் வெளியுலகிற்குத் தெரியவந்தன. ஜெயதீர் திருமலராவும் ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தாரும் இவற்றை ஆராய்ந்தனர். அவ்வெழுத்தை அறிந்த ஊர் முதியவர் சிலரே வாசிப்புக்குத் துணைநின்றனர். பின்னர் எழுத்துரு வடிவமைக்கப்பெற்றுத் தொடக்கநூல் அச்சாயிற்று. அவ்வட்டாரப் பள்ளிகள் சிலவற்றில் கற்பிக்கவும் பட்டது. 2018இல் குஞ்சாலா கோண்டி எழுத்து ஒருங்குறியில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில், மத்தியப்பிரதேசத்தின் பாலாகாட்டைச் சார்ந்த முன்சி மங்கல்சிங் மசாராம் 1918இல் உருவாக்கிய மற்றொரு கோண்டி எழுத்து ஒருங்குறியில் சேர்க்கப்பெற்றிருந்தது.

எழுத்தின்மையே கோண்டியின் குறை என்ற பழைய கருத்தைக் குஞ்சாலாப் படிகள் மறுக்கின்றன. அதே வேளையில் தேவநாகரி, தெலுங்கு, குஞ்சாலா, மசாராம் என நால்வகை எழுத்துகள் வழங்குவதால் ஒரு மாநிலத்தின் பாடநூல் மறு மாநிலத்துக் குழந்தைக்குப் பயன்படாத இடர்ப்பாடும் உள்ளது. தனி எழுத்து தன்மதிப்பைத் தருகிறது. பொது எழுத்து பரவலைத் தருகிறது. இவற்றுள் எதனைத் தேர்வது என்பதை முடிவு செய்யும் உரிமை கோண்டி பேசும் மக்களுக்கே உரியது.

முடிவுரை

கோண்டிப் பாடநூல் வரலாற்றில் எழுத்தோ நூற்பொருளோ இல்லாமை தடையாக இருந்ததில்லை. பாணர் பாடல்களும் குலமுறைச் சொற்களும் கையெழுத்துப் படிகளும் என்றும் இருந்தன. பள்ளியின் இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் அம்மொழிக்கு இடம் அளிக்கப்படாமையே ஒவ்வொரு முயற்சியும் தொடர இயலாமைக்குக் காரணமாயிற்று. மார்லவாய் கற்பித்தவற்றுள் இன்றும் பொருந்துவது, அம்மக்களிடமிருந்தே ஆசிரியரை உருவாக்கிய முறையாகும். அவ்வூரைச் சார்ந்த குசாடி ஆடற்கலைஞர் கனகராஜு 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2024இல் மறைந்தார். அத்தகைய கலைஞர்களின் அறிவு அவர்கள் வாழும் காலத்திலேயே வகுப்பறைக்குள் வருதல் வேண்டும்.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கோண்டியை ஒப்புமைப் பட்டியலின் ஒரு நிரலாக மட்டும் கற்பிக்காது, எழுத்துக்காகவும் பள்ளிக்காகவும் போராடிய ஒரு மக்களின் மொழியாகவும் கற்பித்தல் வேண்டும். தமிழகத்தின் தோடர், கோத்தர், இருளர் ஆகியோரின் மொழிகளுக்கும் இது பொருந்தும்.