அப்பத்தா போர்வையும் நம்ம வெட்டுத்துணி மூட்டையும்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி ஊக்குநர் அக்கா கேட்டப்போ, "நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன், எனக்கு என்னக்கா வரலாறு தெரியும்"னு சொன்னேன். "நீ தைக்கிறியே, அந்தப் போர்வையோட வரலாற்றை எழுது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சுலபமான வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். உட்கார்ந்து எழுதும்போதுதான் தெரிந்தது, நம்ம பக்கம் ஒரு பழைய போர்வைகூட யார் வீட்டிலும் இல்லை. கோச்சடையில் எனக்குத் தெரிந்த வீடு எல்லாம் கேட்டுப் பார்த்தேன். வெண்கலப் பானை இருக்கிறது, உரல் இருக்கிறது, தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி இருக்கிறது. ஒட்டுத்துணிப் போர்வை மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் பிறந்தது சோழவந்தான் பக்கம். அப்பத்தா ஒரு போர்வை வைத்திருந்தது. நாலைந்து பழைய கண்டாங்கிச் சேலையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, கிழிந்த இடத்துக்கெல்லாம் வேறு துணியை வைத்து, பெரிய ஊசியில் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டது. அதற்குப் பெயர் ஒன்றும் கிடையாது. "அந்தக் கந்தலை எடுத்துட்டு வாடி" என்றுதான் கேட்கும். கொடிக்காலுக்கு வெத்திலை கிள்ளப் போய்விட்டு வந்து, மத்தியானம் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து தைக்கும். எங்க வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அதில்தான் கிடந்தோம். பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பழசுதான் மெத்தென்று இருக்கும், கண்ணும் படாது என்று சொல்வார்கள் இல்லையா, அதற்காக.

அப்பத்தா செத்த அன்றைக்குப் பாய், தலையணையோடு அந்தப் போர்வையையும் சுருட்டி வைகைக் கரையில் போட்டுவிட்டார்கள். செத்தவர் படுத்த துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்பது நம்ம வழக்கம். நான் அப்போ எட்டாவது படித்தேன். அது வரை எனக்கு அது ஒரு கந்தல்தான். கரையில் நனைந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

அதாவது, நம்ம ஊர்ப் பெண்கள் தைத்த போர்வை எல்லாம் தைத்தவளோடு போய்விட்டது. செப்பேடும் கல்வெட்டும் மிஞ்சுகிற அளவுக்குத் துணி மிஞ்சாது, சரிதான். ஆனால் நாமே கொண்டுபோய்ப் போட்டதும் ஒரு காரணம்.

இதில் இன்னொரு விஷயத்தை யோசித்தேன். அப்பத்தா போர்வையில் இருந்தது முழுக்கப் பழைய சேலை. வெட்டி மிஞ்சின துண்டு ஒன்றுகூடக் கிடையாது. ஏனென்றால் அந்தக் காலத்தில் வெட்டுவதற்கே ஒன்றும் இல்லை. சேலை, வேட்டி, துண்டு எல்லாம் தறியில் இருந்து வந்தபடியே உடுத்துவது. அப்பத்தா கடைசி வரை ரவிக்கை போட்டது கிடையாது. நம்ம பக்கம் அந்த வயசுக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். ரவிக்கை வந்த பிறகுதான் கத்தரி வந்தது, கத்தரி வந்த பிறகுதான் வெட்டுத்துணி வந்தது. இது எந்தப் புத்தகத்திலும் படித்து எழுதவில்லை, என் சொந்த யோசனை. வயசான சகோதரிகள் யாருக்காவது வேறு மாதிரி தெரிந்தால் கூட்டத்தில் சொல்லுங்கள்.

மதுரையில் வெட்டுத்துணி அதிகம் விழுந்த இடம் என்றால் புது மண்டபம்தான். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில். பெயர்தான் புது மண்டபம், வயசு கிட்டத்தட்ட 400 ஆகப் போகிறது. கல்லில் செதுக்கின சாமி சிலைகளுக்குக் கீழே வரிசையாகத் தையல் மிஷின் போட்டு டெய்லர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கல்யாண ரவிக்கை அங்கேதான் தைத்தது. காலையில் துணி கொடுத்து, கோயிலைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தால் தைத்து வைத்திருப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரியெடுத்து ஆடுகிறவர்கள் போடுகிற வெல்வெட்டு உடுப்பு, உருமா எல்லாம் அங்கேதான் தயாராகும். அதைத் தைக்கிறவர்களில் முஸ்லிம் டெய்லர்கள் நிறையப் பேர். கோயிலுக்குக் கட்டுகிற தொம்பை, குடை, தோரணமும் அப்படித்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துணியை வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தைப்பது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒட்டுத்துணி வேலைதான். சாமிக்குப் போனால் அலங்காரம், அப்பத்தாவுக்குப் போனால் கந்தல். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சுங்குடியைச் சொல்லாமல் மதுரைத் துணியைப் பற்றி எழுத முடியாது. சௌராஷ்டிரா சனங்கள் நாயக்கர் காலத்தில் இங்கே வேரூன்றிக் கொண்டுவந்த வேலை அது. துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாததால் அவிழ்த்தால் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அதை முடிந்தது பெரும்பாலும் வீட்டில் இருந்த பெண்கள். 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைக்கு விளக்குத்தூண் பக்கம் கடையில் தொங்குவதில் அதிகம் அச்சடித்ததுதான், கை முடிச்சு குறைந்துவிட்டது. சுங்குடி நைந்து கிழிந்தாலும் தூக்கிப்போட மனசு வராது. என்னுடைய போர்வைகளில் நடுத்துண்டு எப்போதும் சுங்குடிதான். அந்த சுங்குடியால்தான் நாங்கள் ஒரு தடவை பட்டோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் மகள் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகும்போது நானும் இரண்டு மூன்று தடவை கூடப் போனேன். துணி பற்றின புத்தகம் படத்தோடு இருந்தது. இங்கிலீஷை அவள் படித்துச் சொன்னாள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதற்குக் காந்தா என்று பெயராம். அப்பத்தாவுடையதும் அதேதான், பெயர் மட்டும் வைக்கவில்லை. பீகாரில் சுஜனி என்கிறார்கள், அங்கே பெண்கள் வரதட்சணைக் கொடுமையைக்கூட அதில் படமாகத் தைக்கிறார்கள். புத்தர் காலத்துப் பிக்குகள், எறிந்த துணியைப் பொறுக்கி ஒட்டித் தைத்துத்தான் உடுத்தினார்களாம். மகத நாட்டு நெல்வயலும் வரப்பும் தெரிகிற மாதிரி கட்டம் கட்டமாகத் தைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக இருக்கிறது. கோச்சடை முழுக்க ஒரு காலத்தில் வயல்தான், எங்க மாமனார் நாற்று நட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதனால் அந்த வரப்புக் கட்டம் எனக்கு உடனே கண்ணில் வந்துவிட்டது.

கர்நாடகத்தில் சித்திகள் என்று இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து கோவாவுக்குப் போர்த்துக்கீசியர் அடிமையாகக் கொண்டுவந்தவர்களின் வம்சம். அவர்கள் தைக்கிற கவுதியில் நாலு மூலையிலும் முக்கோணத் துண்டு வைத்து அதைப் பூ என்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்தது அமெரிக்காவில் அலபாமா என்ற மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்கிற ஊர். பருத்திக் காட்டில் அடிமையாக இருந்தவர்களின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். வேலைக்குப் போட்ட உடுப்பு கிழிந்ததும் அதை வெட்டிப் போர்வை தைப்பார்கள். 1966ல் அந்தப் பகுதிக் கறுப்பினப் பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டக் காலத்தில் ஒரு தையல் கூட்டுறவு ஆரம்பித்தார்கள். நம்ம குழு மாதிரியே. 1972ல் சியர்ஸ் என்கிற பெரிய கடை அவர்களுக்கு கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்க ஆர்டர் கொடுத்தது. வெட்டி மிஞ்சின கார்டுராய் துண்டை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்வை தைத்தார்கள். 2002ல் அந்த ஊர்ப் போர்வைகளைப் பெரிய அருங்காட்சியகங்களில் மாட்டினார்கள், 2006ல் அமெரிக்கத் தபால் தலையிலும் வந்தது.

அதில் மிசௌரி பெட்வே என்கிற அம்மா 1942ல் தைத்த ஒரு போர்வை. வீட்டுக்காரர் இறந்ததும், அவர் வேலைக்குப் போட்ட பேண்ட், சட்டையை எல்லாம் வெட்டி, அவர் நினைப்புக்காகப் போர்த்திக்கொள்ளத் தைத்தது. மகள் அதைப் படித்துச் சொன்னதும் எனக்கு வைகைக் கரைதான் ஞாபகம் வந்தது.

இனி நம்ம கதை. தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் குழு 1989ல் தருமபுரியில் ஆரம்பித்து, அடுத்த சில வருஷத்தில் மதுரைக்கும் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நம்ம குழுவுக்கு நான் மருமகளாக வந்த பிறகுதான் சேர்ந்தேன். உள்கடன் வாங்கி ஒரு தையல் மிஷின். ரவிக்கை, நைட்டி, சேலை ஓரம் அடிப்பது என்று ஓடியது. 2020ல் கொரோனா வந்ததும் எல்லாக் குழுவையும் போல நாங்களும் மாஸ்க் தைத்தோம். காலையில் உட்கார்ந்தால் ராத்திரி வரை ஓடும். மாஸ்க் வேலை முடிந்தபோது எங்க வீட்டில் இரண்டு மூட்டை வெட்டுத்துணி நின்றது. பட்டறையில் மிஷின் துடைக்க எடைக்குக் கேட்டார்கள். நல்ல பருத்தித் துணி, போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தைதான், "ஏத்தா, ரெண்டு மூட்டையைக் கொடுத்தா பால் வாங்கவாச்சும் காணுமா? ஒட்டித் தை" என்றார்கள்.

தைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய நோட்டுத்தாளில் எட்டரை அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ள வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். தாளின் நடுவில் ஒரு துண்டை வைத்து, அதன் ஓரத்தில் இன்னொரு துண்டைக் கவிழ்த்து வைத்துத் தாளோடு சேர்த்துத் தைத்து, புரட்டி அழுத்தி, அடுத்த துண்டு. தாள் மறையும் வரை இப்படிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். துண்டு எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி, கை வளைவில் மிஞ்சின கோணல் துண்டும் ஆகும். பிறகு சதுரத்துக்கு ஓரம் வெட்டி, தாளைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். தையலுக்குக் கால் அங்குலம் போனால் கட்டம் எட்டு அங்குலம் நிற்கும். ஆறுக்கு எட்டு என்று 48 கட்டம் சேர்த்தால் நாலு அடி அகலம், ஐந்தேகால் அடிக்குக் கொஞ்சம் கூட நீளம். உள்ளே ஒரு பழைய சேலை, அடியில் ஒரு சேலை. நம்ம வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம்.

முதல் நாலு போர்வை நன்றாக வந்தது. டவுனில் ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டுப் பத்து கேட்டார். ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தோம். அவசரத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். நடுவில் வைத்த சிவப்புச் சுங்குடித் துண்டுகளை முதலில் உப்புத்தண்ணீரில் அலசிப் பார்க்கவில்லை. கடைசியில் மொத்தமாக அலசியபோது பத்தில் ஆறு போர்வையில் வெள்ளைத்துண்டு எல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. கடைக்காரர் ஆறையும் எடுக்கவில்லை. மீதி நாலுக்கும் ஒன்றுக்கு 400 ரூபாய்க்கு மேல் தரமாட்டேன் என்றார். ஒரு கட்டத்துக்கு இருபது நிமிஷம் என்று வைத்தாலே 48 கட்டத்துக்கு 16 மணி நேரம், சேர்க்கவும் ஓட்டுத்தையல் போடவும் தனியாக இரண்டு நாள். கூலி என்ன விழுந்தது என்று நீங்களே பாருங்கள். மதினி ஒருத்தர் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான்.

அந்த ஆறு ரோஸ் போர்வையையும் கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் குழுவில் பிரசவமான வீடுகளுக்குக் கொடுத்தோம். இப்போது நான் விற்பதற்குப் பெரிய போர்வை தைப்பதில்லை. பச்சைப்பிள்ளை விரிப்பு, பை, மிதியடி, இதுதான் கட்டுபடியாகிறது. போர்வை வேண்டும் என்றால் 1,500 ரூபாய் சொல்வேன். கேட்டுவிட்டுப் போகிறவர்கள் போகட்டும்.

போன வருஷம் மார்கழியில் அத்தை தவறிவிட்டார்கள். நான் முதன்முதலில் தைத்த போர்வையை அத்தைதான் நாலு வருஷமாகப் போர்த்தியிருந்தார்கள். பாயோடு அதையும் எடுக்க வந்தார்கள். நான் கொடுக்க மாட்டேன் என்றேன். நாத்தனார் சத்தம் போட்டார், "செத்தவங்க துணிய வச்சுக்கிட்டு இருக்கிறது நல்லதா, வீட்ல பிள்ளைக இருக்கு"ன்னு. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அந்த நேரத்தில் சண்டை போட எனக்கும் தெம்பு இல்லை. கத்தரிக்கோலை எடுத்து மூலையில் இருந்து ஒரே ஒரு கட்டத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கட்டத்தில் மாஸ்க் துணி நீலத்துண்டு மூன்று, அத்தையின் பழைய சுங்குடி ஒன்று, என் மகள் யூனிபாரத் துண்டு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் பேனாவால் அத்தை பெயரும் தேதியும் எழுதிவைத்திருக்கிறேன். துவைத்தால் போய்விடும் என்பதால் இப்போது அதன் மேலேயே நூலால் தைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு எழுத்து பாக்கி.